ஆறாவது பல்லைப் பால் பல் என்று விட்டுவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் மனிதப் பற்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே நாக்கு தானாகக் கீழ்த்தாடையின் வலது பக்கம் போய், அங்கே பல் இல்லாத ஓர் இடத்தைத் தடவிவிட்டு வந்தது. அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கூடவே உங்கள் கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

படத்தில் 'வெட்டும் பற்கள் 8, கோரைப் பற்கள் 4, கடைவாய்ப் பற்கள் 20' என்று போட்டிருந்தீர்கள். கூட்டினால் 32 வந்துவிடும், கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்த 20-ல் 8 முன்கடைவாய்ப் பற்கள், மீதி 12 மட்டும்தான் கடைவாய்ப் பற்கள். இதையெல்லாம் ஒரு பிழை என்று எழுத வந்துவிட்டானே என்று நினைக்காதீர்கள். இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால், பெற்றோர் பலர் ஏமாறுகிற இடம் எதுவோ அதுவே படத்தில் காணாமல் போய்விட்டது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

32 என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. கடைசியாக, 17 வயதிலிருந்து 25-க்குள் எட்டிப் பார்க்கிற ஞானப்பற்கள் நான்கும் சிலருக்கு உருவாவதே இல்லை. சிலருக்கு உருவாகியும் தாடையில் இடம் போதாமல் எலும்புக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். எனக்கு மேலே இரண்டும் வரவில்லை, கீழே இரண்டும் ஒழுங்காக வந்தன. ஆக எனக்கு 30 இருக்க வேண்டும். இருப்பது 29.

முன்பல்லைப் பற்றி நிறையவே எழுதியிருந்தீர்கள்: சிரிப்பு, வெண்மை, பளபளப்பு. சரி, யாரும் கண்ணாடியில் பார்ப்பது அதைத்தான், விளம்பரமும் அதற்குத்தான் வருகிறது. ஆனால் பல்லின் இயல்பான நிறம் தாள் வெண்மை இல்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். மேலே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது, அதற்குக் கீழே இருக்கும் டென்டினின் இளமஞ்சள்தான் வெளியே தெரிகிறது. வயதாக ஆக எனாமல் தேயும், மஞ்சள் இன்னும் கொஞ்சம் தெரியும். அது அழுக்கு இல்லை. அழுக்கென்று நினைத்துக்கொண்டு முரட்டு பிரஷ்ஷால் அழுத்தித் தேய்ப்பவர்கள் தேய்க்கத் தேய்க்க மஞ்சளைத்தான் வெளியே கொண்டுவருகிறார்கள்.

முன்பற்கள் எட்டும் உளி மாதிரி. மேல் வரிசை கீழ் வரிசைக்குச் சற்று முன்னால் இறங்கி நிற்பதால், கடிக்கும்போது இரண்டும் நேருக்கு நேர் முட்டாமல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கத்தரிக்கோல் போலத் துண்டாக்குகின்றன. இவற்றுக்குப் பேச்சிலும் வேலை உண்டு. பள்ளியில் எழுத்துகளின் பிறப்பு என்று ஒரு பாடம் படித்திருப்போம், மேற்பல் கீழுதட்டில் பொருந்த வகரம் பிறக்கும் என்று. மனப்பாடம் செய்தோமே தவிர யாராவது கண்ணாடி முன்னால் நின்று 'வா' என்று சொல்லிப் பார்த்தோமா? முன்பல் விழுந்த குழந்தை பேசுவதைக் கேட்டால் அந்தப் பாடம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பது வெறும் எதுகைக்காகச் சொன்னதில்லை.

கோரைப்பல்லைச் சதையைக் கிழிக்க என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் வாயில் அது செய்கிற பெரிய வேலை வேறு. வாயை மூடிக்கொண்டு கீழ்த்தாடையை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கத்துக் கோரைப்பற்கள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று சறுக்கும், பின்னால் இருக்கும் பற்கள் ஒன்றையொன்று விட்டு விலகிவிடும். பின்பற்கள் மேலிருந்து கீழாக வரும் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், பக்கவாட்டில் இழுத்தால் அவ்வளவாகத் தாங்காது. அந்த இழுப்பைக் கோரைப்பல் வாங்கிக்கொள்கிறது. வாயிலேயே நீளமான வேர் அதற்குத்தான், வாங்கிக்கொள்ளத் தெம்பும் உண்டு. மேல் கோரைப்பல் 11, 12 வயதில் தாமதமாக வரும். அதற்குள் பக்கத்தில் இருப்பவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் ஈறுக்கு மேலே துருத்திக்கொண்டு தெத்துப்பல்லாக முளைக்கும், அதன்மேல் தப்பில்லை.

முன்கடைவாய்ப் பற்கள் கோரைப்பல், கடைவாய்ப்பல் இரண்டுக்கும் நடுவில் உள்ளவை. கொஞ்சம் கிழிக்கும், கொஞ்சம் நசுக்கும். இவற்றைப் பற்றி முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, பால் பற்களில் இவை கிடையாது என்பதுதான். குழந்தைக்குப் பால் பல் 20, ஒரு தாடையின் ஒரு பக்கத்துக்கு 5. முன்னால் இரண்டு வெட்டும் பல், ஒரு கோரைப்பல், பின்னால் இரண்டு கடைவாய்ப்பல். அந்தப் பால் கடைவாய்ப்பற்கள் விழுந்த இடத்தில்தான் பெரியவர்களின் முன்கடைவாய்ப்பற்கள் வந்து உட்காருகின்றன. அப்படியானால் பெரியவர்களின் கடைவாய்ப்பற்கள் 12-ம் எந்தப் பல் விழுந்த இடத்தில் முளைக்கின்றன?

எந்தப் பல்லும் விழுவதில்லை. தாடை வளர வளர, இருக்கும் வரிசைக்குப் பின்னால் புதிதாக உண்டாகும் இடத்தில் அவை சத்தமில்லாமல் முளைக்கின்றன. முதலாவது சுமார் 6 வயதில், இரண்டாவது 12 வயது வாக்கில், மூன்றாவதுதான் ஞானப்பல். அந்த முதலாவதைத்தான் நான் இவ்வளவு நேரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

என் அக்கா மகளுக்கு அப்போது ஆறேகால் வயது. முன்பல் ஒன்றுகூட இன்னும் ஆடவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது "மாமா, பின்னாடி குத்துது" என்றாள். வாயைத் திறக்கச் சொல்லி போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். நடுவிலிருந்து எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்தோடு முடிய வேண்டியது, அதற்குப் பின்னால் ஆறாவதாக ஈறு பாதி மூடிய ஒரு பல்லின் இரண்டு முனைகள் தெரிந்தன, அரிசி முனை அளவுக்கு. அக்காவிடம் சொன்னேன். "பால் பல்தானே, எப்படியும் விழப்போகுது, விடுடா" என்றாள். அக்கா படித்தவள், அக்கறை இல்லாதவளும் இல்லை. எதுவுமே விழாமல் முளைத்த பல்லை நிரந்தரப் பல் என்று யார்தான் நினைப்பார்கள்? விழுந்தால்தான் முளைக்கும் என்றுதானே நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்த ஆறாவது பல் விழாது. அவளுக்கு 80 வயதானாலும் அதே பல்தான், இன்னொன்று வராது.

நினைவு வைத்துக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. வருவது ஆறு வயதில், நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது இடத்தில், பல் மருத்துவர்கள் அதற்கு எழுதும் எண்ணும் ஆறு. பல நாடுகளில் மருத்துவர்கள் பல்லை இரண்டு இலக்கத்தில் குறிப்பார்கள். முதல் இலக்கம் வாயின் எந்தக் கால்பகுதி என்பதற்கு: நோயாளியின் வலது மேல் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. இரண்டாவது இலக்கம் நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பதற்கு. இந்தக் கணக்கு தெரியாமல் நான் ஒரு முறை அவமானப்பட்டிருக்கிறேன். 23 வயதில் வீங்கிய கன்னத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். மருத்துவர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே உதவியாளரிடம் "நாலு ஆறு" என்றார், அவர் அட்டையில் 46 என்று எழுதினார். வாய் நிறையப் பஞ்சோடு "எனக்கு 46 பல்லா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். இருவரும் சிரித்தார்கள். பத்து நிமிடம் கழித்து அந்த 46 ஒரு தட்டில் கிடந்தது.

அதைப் பிடுங்கச் சொன்னது நான்தான், மருத்துவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை. வேர் சிகிச்சை செய்து காப்பாற்றலாம், இரண்டு மூன்று முறை வர வேண்டியிருக்கும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. பின்னால் இருப்பதுதானே, யாருக்குத் தெரியப்போகிறது, அதுதான் இன்னும் இத்தனை இருக்கின்றனவே என்று நினைத்தேன். பல்லை வெறும் எண்ணிக்கையாகப் பார்த்தால் இப்படித்தான் தோன்றும். உங்கள் படத்தில் இருக்கும் '20' என்ற எண்ணும் அந்த நினைப்பைத்தான் வளர்க்கிறது, 20-ல் ஒன்று போனால் என்ன, 19 இருக்கிறதே என்று.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். பல்லை எலும்பில் ஆணி அடித்த மாதிரி அடித்து வைத்திருப்பதாக நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலத்தில் நார்களால் ஆன ஒரு படலம் இருக்கிறது, பல் அந்த நார்களில் தொங்குகிறது என்றே சொல்லலாம். கடிக்கும் அதிர்ச்சியைத் தாங்குவது அது, சாப்பாட்டில் ஒரு தலைமுடி கிடந்தால்கூட உடனே கண்டுபிடித்துச் சொல்வதும் அது. அந்தப் படலம் உயிருள்ளது, அதனால் பல் நகரவும் செய்யும். கம்பி கட்டிப் பல்லை நேராக்க முடிவதும் இதனால்தான். ஆனால் கம்பி இல்லாமலும் பற்கள் நகரும். பக்கத்துப் பற்களும் எதிர்ப் பல்லும் இருக்கும்வரை ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிற்கும், நடுவில் ஒன்றை உருவிவிட்டால் சுற்றியிருப்பவை ஒவ்வொன்றாக நகர ஆரம்பிக்கும்.

என் 46 போனதும் அதற்குப் பின்னால் இருந்த 47 மெல்ல முன்பக்கமாகச் சாய்ந்தது. மேலே அதற்கு ஜோடியாக இருந்த 16, கீழே முட்ட ஒன்றும் இல்லாததால் வருடத்துக்குக் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. ஒரே மாதத்தில் நடந்திருந்தால் பயந்துபோய் ஓடியிருப்பேன். பத்து வருடத்தில் நடந்ததால் தெரியவில்லை. சாய்ந்த பல்லின் அடியில் ஒரு பொந்து மாதிரி உண்டாகி, எதைச் சாப்பிட்டாலும் ஒரு இழை அங்கே போய் மாட்டிக்கொண்டது. என்னை அறியாமலே இடது பக்கத்திலேயே மெல்லப் பழகிவிட்டேன். இதை நானே கண்டுபிடிக்கவில்லை, ஒரு நாள் மருத்துவர் நீல நிறத் தாள் ஒன்றைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொன்னார். இடது பக்கம் பளிச்சென்று நீலப் புள்ளிகள் விழுந்தன, வலது பக்கம் கிட்டத்தட்ட வெறுமை. அதற்குள் சாய்ந்த 47-ன் பக்கவாட்டிலும் சொத்தை விழுந்திருந்தது.

சரி, இழந்தது என்ன மாதிரிப் பல் என்பதையும் பார்க்க வேண்டும். தாடையின் கீல் காதுக்கு முன்னால் இருக்கிறது. கத்தரிக்கோலால் தடித்த அட்டையை வெட்டும்போது நுனியில் வைத்து வெட்ட மாட்டோம், திருகாணிக்குப் பக்கத்தில் தள்ளி வைத்துத்தான் வெட்டுவோம். கடைவாய்ப்பற்கள் இருப்பது அந்த இடத்தில், அதனால் முன்பற்களைவிடப் பல மடங்கு விசை அங்கே கிடைக்கிறது. அதைத் தாங்கக் கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர், மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று வேர். அதிலும் கீழ் ஆறாவதற்கு மேற்பரப்பு பெரியது, பொதுவாக ஐந்து முனைகள். அந்த முனைகள் எதிர்ப் பல்லின் பள்ளங்களில் அம்மி மேல் குழவி மாதிரி உட்கார்ந்து அரைக்கும். நன்றாக அரைபட்டால்தான் எச்சில் உள்ளே வரை கலக்கும், மாவுச்சத்து செரிக்கத் தொடங்குவதே எச்சிலில் இருக்கும் நொதியால்தானே. வாயில் இந்த ஒரு பல்லுக்கு நிகரான அரைவைக் கல் வேறில்லை என்பது என் தீர்ப்பு, மருத்துவர்கள் வேண்டுமானால் மறுக்கட்டும்.

இவ்வளவு முக்கியமான பல்தான் வாயில் முதலில் சொத்தையாகிற நிரந்தரப் பல்லாகவும் பெரும்பாலும் இருக்கிறது. காரணம் தேட வெகு தூரம் போக வேண்டாம். குழந்தைக்குப் பல் தேய்க்கவே சரியாகத் தெரியாத வயதில் அது வந்துவிடுகிறது. வரிசையின் கடைசியில், பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாகப் பல மாதங்கள் நிற்கிறது, பிரஷ் அதன் தலைக்கு மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும். மேற்பரப்பில் இருக்கும் பள்ளங்கள் சில பிரஷ் இழையே நுழையாத அளவுக்குக் குறுகலானவை. புதிதாக முளைத்த பல்லின் எனாமல் முழுதாக முற்றியும் இருக்காது. எச்சிலில் இருந்து தாதுக்களை வாங்கி வாங்கித்தான் அது மெல்ல உறுதியாகிறது. அந்த நேரத்தில் அடிக்கடி இனிப்பு கொடுத்தால், கிருமிகள் அதை அமிலமாக்கி வாயின் பி.எச். அளவை (அது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே கொண்டுபோகும்போதெல்லாம் எனாமலில் இருந்து தாது கரைந்து வெளியேறும். எச்சில் அதைச் சமன் செய்ய ஏறக்குறைய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வந்துவிட்டால்? எவ்வளவு தின்றான் என்பதைவிட எத்தனை தடவை தின்றான் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒரே நேரத்தில் தின்று முடித்துவிட்டு ஓடுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள், பையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சப்புகிற பிள்ளையைக் கவனியுங்கள்.

எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள், எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது. ஆனால் அதைக் கட்டிய செல்கள் பல் வெளியே வருவதோடு அழிந்துவிடுகின்றன. எலும்பு உடைந்தால் சேரும், தோல் கிழிந்தால் வளரும், எனாமலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான். ஆரம்பநிலை வெண்புள்ளியை ஃப்ளூரைடு பற்பசையும் எச்சிலும் சேர்ந்து ஓரளவு திருப்பி உறுதியாக்கலாம், ஓட்டையை முடியாது. அதனால்தான் புதிதாக முளைத்த ஆறாவது பல்லின் பள்ளங்களைப் பிசின் மாதிரி ஒரு பூச்சால் மூடிவிடும் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறார்கள். ஊசி கிடையாது, ராவுவது கிடையாது, வலி கிடையாது. என் அக்கா மகளுக்கு அதைச் செய்தார்கள், ஒரு கதை சொல்லி முடிப்பதற்குள் வேலை முடிந்தது. அவள் அக்கதையின் முடிவைக் கேட்காமல் நாற்காலியை விட்டு இறங்க மாட்டேன் என்றதுதான் தகராறு.

என்னுடைய இடத்துக்கு இப்போது என்ன வழி என்று கேட்பீர்கள். டைட்டானியத் திருகு வைக்கலாம். எலும்பு டைட்டானியத்தோடு ஒட்டி வளரும் என்று கண்டறிந்து ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனிமார்க் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தியது 1965-ல், இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் என் விஷயத்தில் பல் போன இடத்து எலும்பு தேய்ந்து மெலிந்துவிட்டது, பல்லுக்கு வேலை இல்லாத இடத்தில் எலும்பு நிற்காது. மேலே 16 கீழே இறங்கி வந்து வைக்க வேண்டிய பல்லின் உயரத்தையும் சாப்பிட்டுவிட்டது. சாய்ந்த 47-ஐ முதலில் நிமிர்த்த வேண்டும், 16-ஐக் குறைக்க வேண்டும், அப்புறம்தான் 46. அதை வைத்தாலும் அந்த நார்ப்படலம் திரும்ப வராது, திருகு எலும்போடு நேராகவே ஒட்டியிருக்கும், தலைமுடியைக் கண்டுபிடிக்கிற நுட்பம் அதற்கு இருக்காது. 23 வயதில் இரண்டு மூன்று முறை போய்வரச் சோம்பல்பட்டதற்கு இப்போது ஒரு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். வேர் சிகிச்சையில் பல்லுக்குள்ளே நரம்பு ஓடும் மென்சதையான கூழைத்தான் எடுப்பார்கள், படலம் அப்படியே இருக்கும், அதனால் கூழ் போன பல்லும் கடிக்கும் உணர்வோடு பல வருடம் வேலை செய்யும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

இந்தப் படலத்தைப் பற்றிச் சொல்லும்போது இன்னொன்றையும் நீங்கள் கட்டம் கட்டிப் போட வேண்டும். அடிபட்டு நிரந்தரப் பல் முழுசாக வெளியே விழுந்துவிட்டால் அதைக் குப்பையில் போடாதீர்கள், துடைத்துச் சுரண்டாதீர்கள். வெள்ளையாகத் தெரியும் தலைப்பகுதியை மட்டும் பிடித்து, அழுக்கிருந்தால் சில நொடிகள் கழுவி, வந்த குழிக்குள்ளேயே சரியாகத் திருப்பி வைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வேரில் ஒட்டியிருக்கும் அந்தப் படலத்தின் செல்கள் காய்ந்தால் செத்துவிடும், அரை மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. பால் பல்லாக இருந்தால் மட்டும் திருப்பி வைக்கக் கூடாது, அடியில் வளரும் பல்லைக் கெடுத்துவிடும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. அந்தப் படத்தைத் திருத்தி மறுபடி போடுங்கள். பெரியவரின் 32 பல் இருக்கும் தாடைக்குப் பக்கத்திலேயே ஆறு வயதுக் குழந்தையின் தாடையையும் வரையச் சொல்லுங்கள், பால் பல் பக்கத்துக்கு ஐந்தையும் ஒரு நிறத்தில், அதற்குப் பின்னால் ஆறாவதை வேறு நிறத்தில். கீழே எழுதுவதற்கு 'இது விழாது' என்ற இரண்டு சொல் போதும். என் அக்கா அதைக் கத்தரித்துப் பள்ளித் தோழியின் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள், அந்த வீட்டுப் பையனுக்கு அடுத்த மாதம் ஆறு முடிகிறது.

இப்படிக்கு,
29 பற்களுள்ள ஒரு வாசகன்